மூடாத புண்ணில் கடற்பாசிக் களிம்பு

போன மாதம் எங்கள் பழைய ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு தாதி தொலைபேசியில் பேசினார். நான் ஓய்வுபெற்ற பிறகு அங்கே வந்தவர், என்னை நேரில் கண்டதில்லை. தீப்புண் அறைக்குக் கடற்பாசியில் செய்த கட்டுத்துணி புதிதாக வந்திருக்கிறதாம். பஞ்சு மாதிரி வெள்ளையாக இருக்கிறதாம், புண்ணில் வைத்தால் ஈரத்தை இழுத்துக் கூழாகிவிடுகிறதாம். நீங்கள் அந்தக் காலத்திலேயே கடற்பாசி மருந்து பாவித்தவராமே, வந்து புதியவர்களுக்குக் கொஞ்சம் சொல்லுங்கள் என்று கேட்டார். உடம்பு சரியில்லை என்று சொல்லி வைத்துவிட்டேன். உடம்புக்கு ஒன்றுமில்லை. முழங்கால் வலிதான், அது பேசுவதற்குத் தடையில்லை.

போனால் முன்வரிசையில் இருத்தி, பொன்னாடை போர்த்தி, அனுபவசாலி என்பார்கள். ஒரு ஆயுள் முழுக்கப் புண்ணுக்குக் கட்டுப் போட்டிருக்கிறேன். நல்லபடியாக ஆறிப் போனவர்களில் ஒருவர் முகமும் நினைவில்லை. நினைவில் நிற்பது ஒரு பெண்ணின் வலது கை. அதை மேடையில் சொல்ல எனக்குத் துணிவு கிடையாது, ஆகவே எழுதுகிறேன்.

நான் இறம்பொடைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில், தொழிலாளருக்கு வரிசையாகக் கட்டிய லயத்தில், ஓர் ஒற்றையறைக் காம்பராவில் பிறந்தவன். பிரஜாவுரிமைக் கடுதாசி கைக்கு வந்த பிறகு அரசாங்க ஆஸ்பத்திரியில் சிற்றூழியனாகச் சேர்ந்தேன். தரை கழுவினேன், தள்ளுவண்டி தள்ளினேன். கட்டுப் போடும் அறையில் ஆள் பற்றாமல் போனபோது என்னை அங்கே நிறுத்தினார்கள். பார்த்துப் பழகி, பரீட்சையும் எழுதி, டிரெஸர் ஆனேன். வீட்டில் எல்லோருக்கும் தலைகால் புரியவில்லை. எனக்கும்தான்.

தொண்ணூறுகளில் எங்கள் பக்கத்து லயங்களில் பாதிக்கு மின்சாரம் இல்லை. போத்தலில் மண்ணெண்ணெய் ஊற்றி, மூடியில் துளை போட்டுத் திரி செருகிய குப்பிலாம்புதான். காம்பராவோ பத்தடி, அதற்குள்ளேயே அடுப்பு, படுக்கை, பிள்ளை குட்டி. யாராவது ஒருவர் கையைக் காலை நீட்டினால் லாம்பு கவிழும். எங்கள் அறைக்குத் தீப்புண் வராத கிழமை இருந்ததில்லை.

தீப்புண்ணில் புண் ஆறுவது பாதிக் கதை. ஆறிய பிறகுதான் தழும்பு தன் வேலையைத் தொடங்கும். தடிக்கும், சிவக்கும், அரிக்கும், பிறகு மாதக்கணக்கில் மெல்ல மெல்ல இழுக்கும். கழுத்தில் என்றால் தாடையை நெஞ்சோடு கொண்டுபோய்ச் சேர்க்கும். உள்ளங்கையில் என்றால் விரல்களை மடக்கிப் பூட்டிவிடும். கொழுந்து பறிக்கிறவளுக்கு விரல் மடங்கிப் போனால் என்ன மிச்சம்? மட்டை வைத்துக் கட்டுவோம், எண்ணெய் தடவிப் பிசைவோம், முடியாதவர்களைக் கண்டிக்கு அனுப்புவோம். பலர் போகமாட்டார்கள், போனால் அன்றைய பேரும் அதற்குரிய நாட்சம்பளமும் போய்விடும்.

இந்த நிலைமையில்தான் சிவகுரு டாக்டர் எங்களுக்குச் சத்திரசிகிச்சை டாக்டராக மாற்றலாகி வந்தார். யாழ்ப்பாணத்துக்காரர், மெலிந்த மனிதர். சத்தம் போட்டு நான் ஒருநாளும் கேட்டதில்லை. கோபம் வந்தால் மூக்குக் கண்ணாடியைக் கழற்றிக் குழாயடியில் போய்க் கழுவுவார், அவ்வளவுதான். கழுவி முடிப்பதற்குள் நமக்கு வியர்த்துவிடும். நோயாளியின் கட்டைப் பிரிக்குமுன் "பிரிக்கட்டோ அம்மா?" என்று கேட்பார். தோட்டத்துப் பெண்களிடம் அதுவரை யாரும் அப்படிக் கேட்டதில்லை. சிலர் பதில் சொல்லத் தெரியாமல் என் முகத்தைப் பார்ப்பார்கள்.

வெளிநாட்டில் ஆராய்ச்சி செய்யும் அவருடைய கூட்டாளி ஒருவர், பழுப்புநிறக் கடற்பாசியிலிருந்து எடுத்த ஒரு பொருளைக் களிம்பாக்கிச் சின்னப் போத்தல்களில் அனுப்பியிருந்தார். மேலிடத்து அனுமதி எடுத்து, நோயாளியிடம் விளங்கச் சொல்லிக் கையெழுத்தும் வாங்கித்தான் போடுவோம். அது என்ன செய்கிறது என்று எனக்கு அவர் ஒரு மத்தியானம் முழுக்க இருந்து சொன்னார். உடம்பில் காயம் பட்டதும் அங்குள்ள உயிர்க்கலங்கள் ஒருவகைப் பொருளைச் சுரக்கின்றன, அதற்கு வளர்ச்சிக் காரணி என்று பேர். அது போய் நார் பின்னும் கலங்களைக் கூட்டிவருகிறது, அவை நாரைப் பின்னிப் புண்ணை மூடுகின்றன. காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டுக்களத்தில் ஆளைக் கூப்பிட்ட கங்காணி, வேலை முடிந்த பிறகும் விடாமல் கூப்பிட்டுக்கொண்டே இருந்தால் எப்படி என்று நான் கேட்டேன். டாக்டர் சிரித்துவிட்டார். அதேதான், தீப்புண்ணில் அந்தக் கூப்பாடு அடங்காமல் நார் மேலே நார் குவிவதுதான் தழும்பு என்றார். கடற்பாசியில் உள்ள பொருள் அந்தக் காரணியைப் பிடித்து வைத்துக்கொள்கிறது, அல்லது அது சொல்வதைக் கலங்கள் கேட்காமல் தடுக்கிறது என்று நினைக்கிறார்களாம். ஆய்வுகூடத் தட்டில் நடப்பது மனிதர் கையில் நடக்குமா என்று தெரியாது, அதைத்தான் பார்க்கிறோம் என்றார். பிறகு என்னை நேராகப் பார்த்துச் சொன்னதை இன்றைக்கும் சொல்லுக்குச் சொல் சொல்வேன்.

"சண்முகம், புண் மூடுறதும் உந்தச் சாமானாலதான், தழும்பு தடிக்கிறதும் உந்தச் சாமானாலதான். மூட முந்தி அதைத் தடுத்தா நாங்கள் மனிசரைக் கெடுக்கிறம். விளங்குதோ?"

விளங்கியது. நன்றாகவே விளங்கியது.

மூடிவிட்டது என்று அறிவதற்கு அவர் ஒரு முறை வைத்திருந்தார். முதலில் உப்புத்தண்ணீரில் கழுவ வேண்டும். வெள்ளைத் துணியை மடித்துப் புண் இருந்த இடத்தில் வைத்து, அழுத்தாமல், நூறுவரை எண்ண வேண்டும். எடுத்துப் பார்த்தால் துணியில் ஈரமோ கறையோ இருக்கக்கூடாது. அதோடு முடியவில்லை. காய்ந்த பொருக்கு எங்காவது இருந்தால், நனைத்த துணியை அரை மணித்தியாலம் போட்டு ஊறவைத்துப் பொருக்கை நீக்கி அடியில் பார்க்க வேண்டும். "பொருக்கைத் தோல் எண்டு எழுதிப்போடாதையும்" என்பார். எல்லாம் சரி என்றால் தழும்பின் ஒரு பாதிக்குக் கடற்பாசிக் களிம்பு, மறு பாதிக்கு வெறும் வெசிலின். கண்ணாடித் தாளை மேலே வைத்துத் தழும்பின் ஓரத்தைப் பேனாவால் வரைந்து, நீல மட்டைக் கொப்பியில் ஒட்டுவோம். இரண்டு பாதிக்கும் வித்தியாசம் தெரிந்தால்தான் மருந்துக்கு மார்க் என்பார்.

தெரியத்தான் செய்தது. ஒரு லொறிச் சாரதிக்குக் கழுத்துத் தழும்பு களிம்பு போட்ட பக்கம் இளகிக்கொண்டு வந்தது. இன்னும் இரண்டு மூன்று பேருக்கும் அப்படித்தான். டாக்டர் அவசரப்படவில்லை, பிசைந்ததாலும் இருக்கலாம் என்றார். நான்தான் துள்ளிக் குதித்தேன். மலையில் இனி விரல் மடங்கிய பெண்ணே இருக்கமாட்டாள் என்று கண்டவரிடமெல்லாம் பீற்றினேன்.

சரோஜா லிந்துலைப் பக்கத்துத் தோட்டத்திலிருந்து வந்தாள். முப்பது வயதிருக்கும், புருஷன் இறந்து இரண்டு வருடம். கவிழ்ந்து பற்றிக்கொண்ட குப்பிலாம்பை வெறுங்கையால் எடுத்து வாசலுக்கு வெளியே எறிந்திருக்கிறாள். காம்பராவில் தூங்கிய பிள்ளைகள் இருவருக்கும் ஒரு கீறல் இல்லை. அவளுடைய வலது உள்ளங்கையும் விரல்களின் அடியும் வெந்துபோயிருந்தன. கொழுந்து கிள்ளுகிற கை. அந்த வீட்டில் பேர் பதிந்த ஒரே ஆள் அவள்தான். வேலைக்கு ஆள் இல்லாவிட்டால் தோட்டத்துக் காம்பராவும் இல்லை. ஆகவே அந்த விரல்கள் நீண்டு மடங்கினால்தான் அந்த மூன்று பேருக்கும் கூரை.

சில கிழமை வாட்டில் வைத்திருந்துவிட்டு வீட்டுக்கு அனுப்பினோம். திங்களும் வியாழனும் பஸ் ஏறி வந்து கட்டு மாற்றிக்கொண்டு போவாள். பெருவிரல் பக்கம் மூடித் தழும்பு தடிக்கத் தொடங்கியிருந்தது. நடுவே மட்டும் ஒரு வெற்றிலைக் காம்பு நீளத்துக்குப் பச்சைப் புண். மூடிய பக்கத்துக்காவது களிம்பு போடலாமா என்று கேட்டேன். கை சின்ன இடம், களிம்பு ஓடும், முழுதாக மூடட்டும் என்றார் டாக்டர். அவள் அதைக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

அப்போது களிம்பில் இரண்டு போத்தல்தான் மிச்சம். டாக்டர் மூன்று கிழமை லீவில் போக இருந்தார். போகுமுன் என்னைக் கூப்பிட்டு, வியாழக்கிழமை சரோஜாவின் கையைப் பாரும், மூடியிருந்தால் தொடங்கும், மூடவில்லை என்றால் தொடாதேயும், நான் வந்து வேறு வழி பார்ப்பேன் என்றார். முடிவை என் கையில் விட்டுவிட்டுப் போனார். எனக்குத் தலை வானத்தில் முட்டியது.

அந்த வியாழன் நல்ல மழை. வராந்தாவில் வரிசை. சரோஜா உள்ளே வந்து உட்கார்ந்ததும் நான் கட்டைப் பிரிக்கக் காத்திருக்காமல் தானே இடது கையால் முடிச்சை அவிழ்த்தாள்.

"காஞ்சிருச்சுங்க ஐயா. பாருங்க."

பார்த்தேன். திங்களன்று பச்சையாக இருந்த இடத்தில் மெல்லிய பழுப்புநிறத் தோல் இழுத்துக் கட்டியதுபோல் மூடியிருந்தது. கழுவினேன். வெள்ளைத் துணியை வைத்து நூறு எண்ணினேன். அவளும் உதட்டை அசைத்து என்னோடு எண்ணினாள். துணியை எடுத்தேன். ரத்தம் இல்லை, சீழ் இல்லை. ஓரத்தில் மட்டும் மங்கலாக ஒரு பழுப்புக் கறை.

அந்தக் கறை என்னவென்று எனக்குத் தெரியும். லயத்தில் பிறந்த எவனுக்கும் தெரியும். சுட்ட புண்ணுக்கு எங்கள் ஆட்கள் கடுஞ்சாயம் போடுவார்கள். தேயிலைத் தூளைக் கட்டியாகக் கொதிக்கவைத்து, ஆறவிட்டு, துணியில் தோய்த்து வைத்துவிட்டால் அந்தத் துவர்ப்புக்குப் பச்சைச் சதை இறுகும், மேலே பழுப்பாக ஒரு ஏடு படியும். வலி குறையும். பார்ப்பதற்கு ஆறிய தோல் மாதிரியே இருக்கும். சின்ன வயதில் என் காலில் சுடுதண்ணீர் கொட்டியபோது அம்மா அதைத்தான் போட்டார். ஏட்டின் அடியில் புண் ஒரு மாதம் கிடந்தது.

நான் அவளை நிமிர்ந்து பார்த்தேன். அவள் பார்வையைத் திருப்பவில்லை.

"இன்னைக்கே மருந்து போட்டு விடுங்க ஐயா. வெரலு மடங்கிக்கிட்டே வருது. அடுத்த மாசம் பெரட்டுக்கு வரலன்னா காம்பராவ வேற ஆளுக்குக் குடுத்துருவோம்னு சொல்லிட்டாங்க."

நனைத்த துணியைப் போட்டு அரை மணித்தியாலம் இருத்தியிருந்தால் போதும். சாய ஏடு இளகியிருக்கும், அடியில் சிவப்பாகப் புண் தெரிந்திருக்கும், இன்றைக்கு இல்லை தங்கச்சி என்று சொல்லி அனுப்பியிருப்பேன். நான் கறைபட்ட துணியை நாலாக மடித்துக் குப்பை வாளியில் போட்டேன். கொப்பியில் "தோல் மூடியுள்ளது" என்று எழுதிக் கையொப்பம் வைத்தேன். களிம்பைப் பூசினேன்.

ஏன் செய்தேன் என்று என்னையே பலமுறை கேட்டிருக்கிறேன். இரக்கம் என்று வெகுகாலம் சொல்லிக்கொண்டேன். இரக்கமும் இருந்தது, பொய்யில்லை. ஆனால் டாக்டர் திரும்பி வரும்போது, இதோ நீங்கள் இல்லாமலே நான் ஒரு கையை மீட்டுவிட்டேன் என்று காட்டும் ஆசை அதைவிடப் பெரிதாக இருந்தது. சாயத்தின் அடியில் ஒருவேளை மூடித்தான் இருக்கும் என்று என்னை நானே ஏய்த்தேன்.

திங்களன்று வந்தாள், கை காய்ந்தே இருந்தது, மறுபடி பூசினேன். அடுத்த வியாழன் மண்சரிவால் பஸ் ஓடவில்லை, வரவில்லை. அதற்கடுத்த திங்கள் அவளை இரண்டு பேர் தாங்கிக்கொண்டு வந்தார்கள். காய்ச்சல் நெருப்பாகக் கொதித்தது. கை முழங்கைவரை வீங்கியிருந்தது. கட்டைப் பிரித்தபோது அந்தப் பழுப்பு ஏடு செருப்புத் தோல் மாதிரி முழுசாகத் துணியோடு வந்தது. அடியில் சீழ். அதற்கும் அடியில் விரல் நரம்புகள் வெள்ளையாகத் தெரிந்தன.

அன்றைக்கே கண்டிக்கு அனுப்பினோம். அங்கே ஆள்காட்டி விரலையும் நடுவிரலையும் எடுத்துவிட்டார்கள். மோதிர விரல் விறைத்துப்போயிற்று. களிம்புதான் புண்ணை மூடவிடாமல் தடுத்ததா, ஏட்டின் அடியில் அடைபட்ட சீழ் தன்பாட்டில் தின்றதா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. இரண்டுக்கும் வாசலைத் திறந்துவிட்டவன் நான் என்பது மட்டும் தெரியும்.

சிவகுரு டாக்டர் லீவு முடிந்து வந்து நேரே கட்டுப் போடும் அறைக்கு வந்தார். கொப்பியை எடுத்து அந்தப் பக்கத்தை வாசித்தார். திட்டுவார் என்று காத்திருந்தேன், திட்டியிருந்தால் ஒருவேளை உண்மை வாயிலிருந்து வந்திருக்கும். அவர் மிகவும் மெதுவாகக் கேட்டார்.

"தோல் மூடியிருந்ததோ சண்முகம்?"

"மூடியிருந்தது சேர்."

"ஊறவிட்டுப் பாத்தனீரோ?"

"பாத்தேன் சேர்."

கண்ணாடியைக் கழற்றினார். குழாயடிக்குப் போகவில்லை. அதைக் கையில் பிடித்தபடி கொப்பியை மூடி வைத்தார். "அப்ப பிழை மருந்திலதான். என்னிலதான்" என்றார். என்னை அவர் ஒருபோதும் சந்தேகிக்கவில்லை. அதுதான் என்னால் தாங்க முடியாமல் இருந்தது, ஆனாலும் தாங்கிக்கொண்டேன்.

அன்றோடு களிம்பை நிறுத்தினார். மூடிய தோலையே கெடுக்கிற மருந்து என்று கூட்டாளிக்குக் கடிதம் எழுதினார், தபாலில் போட்டவன் நான். கழுத்துத் தழும்பு இளகிவந்த லொறிச் சாரதி இன்னும் கொஞ்சம் போட்டுவிடுங்கள் என்று கெஞ்சினான். மாட்டேன் என்றுவிட்டார். அவனுடைய கழுத்து மறுபடி தடித்தது. மிச்சப் போத்தலை டாக்டர் தன் கையாலேயே அழித்தார். அந்த மருந்து நல்லதா கெட்டதா என்று எங்கள் கொப்பி சொல்லியிருக்கக்கூடும். அதில் ஒரு பக்கத்தில் நான் பொய் எழுதியதால் மற்ற எல்லாப் பக்கமும் வீணாகிப் போனது.

அதற்குப் பிறகு அவர் கடற்பாசியைப் பற்றிப் பேசவே இல்லை. அடுத்த வருடம் மாற்றலாகிப் போனார், பிறகு நாட்டைவிட்டே போய்விட்டார். இரண்டாயிரத்துக்குப் பிந்திய ஒரு நாள், பேப்பரில் மரண அறிவித்தல் பக்கத்தில் அவருடைய படம் இருந்தது. உண்மையைச் சொல்லிக் கடிதம் எழுதத் தவித்தேன் என்றெல்லாம் இங்கே அளக்கமாட்டேன். நான் எழுத நினைக்கவேயில்லை. உத்தியோகம் போய்விடும் என்ற பயம் முதலில் இருந்தது. பிறகு பயமும் போய், பழக்கமாகிவிட்டது. அறைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு நூறு எண்ணுவதையும் ஊறவைப்பதையும் கண்டிப்பாகச் சொல்லிக்கொடுத்தேன். சண்முகம் ஐயா கையெழுத்துப் போட்டால் மறுபேச்சில்லை என்று பேர் எடுத்தேன்.

நான் ஓய்வுபெறுவதற்கு முந்திய வருடம், ஒரு காலை வெளிநோயாளர் பிரிவு வழியாக நடந்துகொண்டிருந்தேன். நோயாளர் காத்திருக்கும் நீள வாங்கில், மருந்துத் துண்டுச்சீட்டை இடது கையில் பிடித்தபடி ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். தலை நரைத்திருந்தது. அவள்தான் என்னை முதலில் அடையாளம் கண்டு எழுந்து நின்றாள். பிரஷருக்கு மருந்து எடுக்க வந்தாளாம். லிந்துலைக் காம்பரா அந்த வருடமே போய்விட்டதாம். திம்புள்ளப் பக்கம் தங்கச்சி வீட்டில் ஒண்டியிருக்கிறாளாம். பிள்ளைகள் இருவரும் படிப்பை விட்டுக் கொழும்பில் வேலைக்குப் போய்விட்டார்களாம். எல்லாவற்றையும் வேறு யாருக்கோ நடந்ததுபோலச் சொன்னாள். நான் விடைபெறத் திரும்பியபோது என் சட்டைக் கையைத் தொட்டாள்.

"ஐயா, ஒங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்னு ரொம்ப வருஷமா மனசுல கெடக்குதுங்க."

மூன்று நாள் வீட்டில் கட்டைப் பிரித்துக் கடுஞ்சாயம் போட்டதை ஒன்றுவிடாமல் சொன்னாள். மூடிய புண்ணுக்குத்தான் மருந்து என்று டாக்டர் சொன்னதைக் கேட்டுவிட்டுத்தான் அப்படிச் செய்தாளாம். போத்தல் தீர்ந்துபோகும் என்ற பயமாம்.

"பெரிய டாக்டரய்யா கண்டிக்கு வந்து, என் மருந்தாலதான் அம்மா உங்க விரல் போச்சு, மன்னிச்சுக்கொள்ளுங்கன்னு என்னையக் கும்புட்டாருங்க. அப்பவும் நான் வாயத் தொறக்கல. அவரு போய்ச் சேந்துட்டாருன்னு கேள்விப்பட்டேன். அந்தப் பாவம்தான் என் பிள்ளைங்களையும் சுத்துது. நீங்க எவ்வளவு பொறுமையா நூறு எண்ணிப் பாத்தீங்க. ஒங்களையும் ஏமாத்திப்புட்டேன் ஐயா. நீங்களாச்சும் மன்னிச்சிருங்க."

எனக்குத் தெரியும் தங்கச்சி, அன்றைக்கே எனக்குத் தெரியும். இந்த ஒரு வரியைச் சொல்லியிருந்தால் அவள் தலையிலிருந்து அந்தப் பாரம் அங்கேயே இறங்கியிருக்கும். வாங்கில் இருந்தவர்கள் எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இரண்டு தாதிமார் மரியாதையாக எனக்கு வழிவிட்டு ஒதுங்கிப் போனார்கள்.

"பரவாயில்ல தங்கச்சி, நடந்தது நடந்துபோச்சு. நான் மனசுல வச்சுக்கல" என்றேன்.

அவள் அழுதாள். மிச்சமிருந்த விரல்களோடு இடது கையைச் சேர்த்து என்னைக் கும்பிட்டாள். நான் அந்தக் கும்பிடை வாங்கிக்கொண்டு என் அறைக்குப் போனேன்.